கூடைக்கும் ஒரு பொட்டு

நவராத்திரி வந்துவிட்டால் மஸ்கெலியாவில் சரஸ்வதிக்கு ஓய்வே கிடையாது. பாடசாலையில் வாணி விழா, தொழிற்சாலையில் ஆயுத பூசை, கடைகளில் தராசுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் சந்தனம். தேயிலைக் கொழுந்து அரைக்கிற ரோலருக்குக்கூட மாலை விழுகிறது. அந்தக் கொழுந்தைச் சுமந்த கூடையை யாரும் பூசைக்கு வைத்து நான் பார்த்ததில்லை. லயத்தில் பிறந்து, இன்று தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற எனக்கு இது உறுத்துகிறது.

பழைய கிரேக்கர் இதில் நம்மைவிடத் தெளிவு. அவர்களுடைய அறிவுத் தெய்வம் அதீனாதான் நெசவுக்கும் தெய்வம். ஏதென்ஸில் அவளுக்குப் பெருவிழா எடுக்கும்போது பெண்கள் மாதக்கணக்கில் நெய்த ஆடையை ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் படைத்தார்கள். அந்த ஊரில் பெண்ணுக்கு வாக்கு இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, அது தனிக்கதை. கைவேலையும் அறிவுதான் என்று மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

கொழுந்து எடுப்பதில் என்ன அறிவு என்கிறவர்கள் ஒருநாள் மலைக்கு வரட்டும். ரெண்டு இலை, ஒரு மொட்டு என்று புத்தகத்தில் சொல்லிவிடலாம். எந்தத் துளிரை இன்றைக்கு எடுப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது, வளராமல் நின்றுபோனதை எங்கே கிள்ளி எறிந்தால் செடி திரும்பத் துளிர்க்கும், மழை ஈரத்துக்கென்று தராசில் எவ்வளவு கழிப்பார்கள்... அம்மாவின் விரல்கள் இத்தனைக்கும் நிற்காமலே பதில் சொல்லும். செக்ரோல் பதிவேட்டில் ஏறுவது கிலோ மட்டும்.

எழுத்துத் தெரியாத சனத்துக்கும் அறிவு உண்டு என்று நம்பியவர் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி. தோட்டம் தோட்டமாகப் போய் நம் நிலைமையைப் பாட்டாகப் பாடினார். அந்தப் பாட்டுகள் 1940இல் அச்சிலும் வந்தன. எங்கள் வாணி விழா மேடையில் அவர் பெயரை நான் கேட்டதில்லை. பிரதம விருந்தினரின் பெயரைத்தான் பத்துத் தடவை கேட்டிருக்கிறேன்.

விழா வைப்பதோ வார நாளில், காலையில். தாய்மார் அந்நேரம் மலையில் நிற்கிறார்கள். வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. அந்தி நிறுவைக்குப் பிறகு வைக்கலாமே என்றால், இருட்டில் பிள்ளைகள் நடக்கிற பாதையில் சிறுத்தைப் பயம் என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் ஒன்பது நாளில் ஒரு ஞாயிறு கட்டாயம் வரும்.

அன்றைக்கு வையுங்கள். கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் குத்துவிளக்கை ஏற்றட்டும். புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடையும் இருக்கட்டும். விருந்தினர் பேச்சில் பத்து நிமிடத்தைக் குறைத்து, செடியைப் பற்றி அந்த அம்மாவைப் பேச விடுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். லீவு நாள் போகிறதே என்று ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு எழும். எழட்டும், முணுமுணுப்பவர்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன்.