பெஞ்சில் இருக்கும் பிள்ளையும் ஆட வேண்டும்

மூவார், பத்து பகாட், குளுவாங், செகாமட், ஜொகூர் பாரு என ஜொகூர் மாநிலத்தில் எந்த நகருக்குச் சென்றாலும் ஒரு கூடைப்பந்துத் திடலையாவது காணலாம். சீனப்பள்ளி வளாகங்களிலும் தாமான் பூங்காக்களிலும் மாலை ஐந்து மணிக்குமேல் பந்து தட்டும் ஓசை கேட்கிறது. வார இறுதிகளில் இளையோர் மன்றங்கள் அங்கே பயிற்சி நடத்துகின்றன. காற்பந்துத் திடலில் நிறைந்திருக்கும் நம் மாணவர்களை இந்தத் திடல்களில் அதிகம் பார்க்க முடிவதில்லை. அது சீனர்களின் விளையாட்டு, அதற்கு உயரம் வேண்டும், எஸ்.பி.எம். நெருங்குகிறது என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன.

நம் பிள்ளைகள் இந்தத் திடலுக்குள் வர வேண்டும் என்பதே நமது விருப்பம். அதே வேளையில், எந்த மன்றத்தில் சேர்வது என்பதையும் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். எத்தனை கோப்பைகளை வென்றது என்பதைக் கொண்டே பலரும் ஒரு மன்றத்தை எடை போடுகின்றனர். அந்த மன்றத்தின் ஆகக் கடைசி ஆட்டக்காரர் எத்தனை நிமிடம் ஆடுகிறார் என்பதுதான் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கூடைப்பந்தின் பிறப்பே இதற்குச் சான்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. என்ற இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரிடம் 18 மாணவர்கள் ஒப்படைக்கப்பட்டனர். குளிர்காலத்தில் வெளியே விளையாட வழியில்லாமல், உள்ளரங்க உடற்பயிற்சியில் சலிப்படைந்து, அடங்க மறுத்த மாணவர்கள் அவர்கள். இரண்டு பீச் பழக்கூடைகளை மாடத்தில் அறைந்து, ஒரு காற்பந்தை எடுத்து, 13 விதிகளை எழுதினார் நெய்ஸ்மித். பக்கத்துக்கு ஒன்பது பேர் என 18 பேரும் ஆடினர். எவரும் ஓரத்தில் உட்கார வைக்கப்படவில்லை.

அந்த விதிகளில் உள்ள அறிவைக் கவனியுங்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்றார். ஓடுபவனைப் பிடித்து வீழ்த்த வேண்டிய தேவை அதனால் இல்லாமற் போயிற்று. கூடையைத் தலைக்கு மேலே வைத்தார். பந்தை வேகமாக எறிவதில் பயனில்லை, நிதானமாக வளைத்து எறிய வேண்டியதாயிற்று. முரட்டுத்தனத்தால் பலன் கிடைக்காதபடி விளையாட்டையே அமைத்துவிட்டார். கட்டொழுங்கை அறிவுரையாகச் சொல்வதைவிட ஆட்டத்திலேயே பொதிந்து வைப்பது நல்ல பயிற்றுநரின் திறமை.

நெய்ஸ்மித் பின்னர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்தார். 55 ஆட்டங்களில் வெற்றி, 60இல் தோல்வி. புகழ்பெற்ற அந்தக் கன்சாஸ் குழுவின் வரலாற்றில், வெற்றிகளைவிடத் தோல்விகளை அதிகம் கண்ட ஒரே பயிற்றுநர் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர்தான்! வெற்றிக் கணக்கு மட்டுமே மதிப்பு என்றால் அவர் தோற்றவர். ஆனால், அவரிடம் பயின்றவர்களுள் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவரும் ஒருவர். இனப் பாகுபாட்டால் கன்சாஸ் குழுவில் ஆட அவருக்கு இடம் இல்லை. ஆயினும் நெய்ஸ்மித் அவருக்கு ஆசானாக நின்று பயிற்றுநர் கலையைக் கற்பித்தார். அதே மெக்லெண்டன், பின்னாளில் தமது கல்லூரிக் குழுவை 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்களுக்கு வழிநடத்தினார். ஆட இடம் மறுக்கப்பட்டவருக்கும் கற்க இடம் கொடுத்ததன் விளைவு அது.

இனி, நம் திடலுக்கு வருவோம். பள்ளிப் போட்டிகள் 12, 15, 18 வயதுக்குக் கீழ் எனப் பிரிக்கப்படுகின்றன. பிறந்த ஆண்டே கணக்கு. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் ஆடுகின்றனர். பதினோரு மாத இடைவெளி அந்த வயதில் பெரியது. அதோடு, ஒருவர் 11 வயதில் நெடுநெடுவென வளர்கிறார், இன்னொருவர் 15இல்தான் வளரத் தொடங்குகிறார். இன்றைய கோப்பையை மட்டும் நினைக்கும் பயிற்றுநர், உயரமான ஐவரையே திரும்பத் திரும்ப இறக்குவார். பெஞ்சில் அமர்ந்தே ஓராண்டைக் கழித்த குட்டைப் பிள்ளை, "எனக்கு இது வராது" என்று நின்றுவிடுவார். வளர வேண்டிய காலம் வரும்போது அவர் திடலில் இருக்கமாட்டார்.

சிறாருக்கான கூடைப்பந்து இதை உணர்ந்தே வகுக்கப்பட்டுள்ளது. பெரியவர்களுக்கு 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளையம் சிறாருக்கு 2.60 மீட்டராகத் தாழ்த்தப்படுகிறது. பந்தும் சிறியது. பிள்ளையின் அளவுக்கு விளையாட்டு இறங்கி வர வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த வயதில் எல்லாருக்கும் ஆட்ட நேரம், இரு கைகளாலும் பந்து தட்டும் பழக்கம், கால் நகர்வு, சரியான பாஸ் ஆகியவையே பாடங்கள். அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் குழுவுக்குப் பத்துத் தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்த ஜான் வூடன், ஆண்டின் தொடக்கப் பயிற்சியில் தம் வீரர்களுக்குக் காலுறையை மடிப்பு விழாமல் அணியக் கற்றுக் கொடுத்தார். மடிப்பு இருந்தால் காலில் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. அடிப்படையை மதிப்பது என்றால் இதுதான்.

மூவர் ஆடும் 3x3 கூடைப்பந்தை நமது மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். தோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இந்த ஆட்டத்துக்குப் பாதித் திடலும் ஒரே ஒரு வளையமும் போதும். மாற்று ஆட்டக்காரரையும் சேர்த்து ஒரு குழுவுக்கு நால்வர். பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. ஆட்டத்தின்போது பயிற்றுநர் வெளியிலிருந்து கட்டளையிட அனுமதி இல்லை. யாரை மாற்றுவது, எப்போது மாற்றுவது என்பதை நால்வரும் தாங்களே பேசி முடிவெடுக்க வேண்டும். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் தோட்டப்புறங்களில் இருக்கும் சில பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை மிகவும் குறைவு. பதினொருவர் கொண்ட காற்பந்துக் குழுவை அமைக்கத் திணறும் பள்ளிகூட நால்வர் கொண்ட குழுவை அமைத்துவிடலாம்.

ஜொகூர் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு தேவையும் இருக்கிறது. ஜொகூர் பாரு வட்டாரத்தில் எத்தனையோ பெற்றோர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்து, இரவில்தான் வீடு திரும்புகின்றனர். பள்ளி முடிந்ததிலிருந்து பெற்றோர் திரும்பும் வரை உள்ள அந்த நேரம் பிள்ளைக்குச் சொந்தம். கைப்பேசியும் தெருமுனையும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளப் போட்டியிடுகின்றன. வாரம் இரண்டு மாலை, ஒரு பொறுப்பான பயிற்றுநரின் கண்முன் வியர்வை சிந்தும் பிள்ளைக்கு, வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இருக்கிறார். அந்தக் கேள்வி பல பிள்ளைகளைக் காத்திருக்கிறது.

படிப்பு கெடும் என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. தேர்வு நெருங்கும்போது பயிற்சியைக் குறைத்துக்கொள்வது நியாயம். படிவம் நான்கிலேயே அடியோடு நிறுத்திவிடுவது அவசரம். பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கை மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. சான்றிதழுக்காகப் பெயர் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்கு வராமல் இருப்பதால் அந்த மதிப்பெண்ணின் நோக்கம் நிறைவேறாது. நல்ல மன்றம் தேர்வுக் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பயிற்சியை மாற்றியமைக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இல் கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் மலேசிய மகளிர் கூடைப்பந்துக் குழு தங்கம் வென்றது. தமிழகத்திலும் முன்மாதிரி உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதே சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் குழுவின் தலைவியாக விளங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வயதுக்கு வந்துவிட்டார் என்பதற்காக ஒரு மாணவியைத் திடலிலிருந்து அழைத்துக்கொள்ளும் பழக்கம் இனியும் வேண்டாம்.

அதே சமயம், பிள்ளையை ஒப்படைக்கும் இடம் பாதுகாப்பானதா என்பதை அறிவது பெற்றோரின் உரிமை. இளைஞர், விளையாட்டு அமைச்சு 2023இல் பாதுகாப்பான விளையாட்டுக்கான நெறிமுறையை வெளியிட்டது. பயிற்சி எல்லாரும் பார்க்கும் இடத்தில் நடக்கிறதா, பயிற்றுநர் மாணவரைத் தனியே அழைத்துச் செல்கிறாரா, கேலியும் வசையும் "கண்டிப்பு" என்ற பெயரில் நடக்கின்றனவா என்று கேளுங்கள். மாணவர்களே, உங்களுக்குச் சங்கடம் தரும் எதையும் மறைக்காதீர்கள். பெற்றோரிடம் சொல்லுங்கள். தாலியான் காசே 15999 என்ற எண்ணும் இருக்கிறது.

மொழி தெரியாதே என்ற தயக்கமும் தேவையற்றது. திடலில் மாண்டரினும் மலாயும் ஆங்கிலமும் கலந்தே ஒலிக்கின்றன. ஒரு மாதம் சேர்ந்து ஆடினால் பாதி புரிந்துவிடும். மெக்லெண்டனுக்கு இருந்தது போன்ற தடை எதுவும் நமக்கு இல்லை. நம்மைத் தடுப்பது பழக்கம் மட்டுமே. பாஸ் கொடுத்தவரும் அதை வாங்கியவரும் வெவ்வேறு இனமாக இருந்து பழகுவது, நாளை வேலையிடத்திலும் கைகொடுக்கும். மன்றங்களுக்கும் இதில் கடமை உண்டு. அறிவிப்புகளை ஒரே மொழியில் மட்டும் ஒட்டிவிட்டு, மற்றவர்கள் வரவில்லையே என்று சொல்லக்கூடாது.

உயர்கல்வி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் என நம் மாநிலத்திலேயே உயர்கல்விக்கூடங்கள் உள்ளன. அங்கே கூடைப்பந்து ஆடும் நம் மாணவர்கள், மாதம் இரண்டு சனிக்கிழமைகளை அருகிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கலாம். தலைமையாசிரியரின் அனுமதி, இரண்டு மூன்று பந்துகள், ஒரு வளையம் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இந்த வாரமே தங்கள் தாமானில் நடக்கும் ஒரு பயிற்சியை நேரில் சென்று பாருங்கள். பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள். வென்ற கோப்பைகளைப் பற்றிக் கேட்குமுன், பெஞ்சில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். பயிற்றுநர் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா? ஆட்டம் முடிவதற்குள் அவரைக் களத்தில் இறக்குகிறாரா? தவறு செய்தபின் அவரிடம் எப்படிப் பேசுகிறார்? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால், காலணியைக் கட்டிக்கொண்டு சேர்ந்துவிடுங்கள்.