சுதந்திரச் சந்தையும் சிபாரிசுக் கடிதமும்

கோவளத்திலோ கொக்கிலமேட்டிலோ காலைப்பொழுதில் கரையில் நின்றவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாயிருக்கும். படகு கரை சேர்கிறது. மீன் மணலில் கொட்டப்படுகிறது. ஏலம் கூறுபவர் ஒரு விலையைச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் ஏற்றிக் கேட்கின்றனர். யார் எவ்வளவு கேட்டார் என்பது எல்லார் காதிலும் விழுகிறது. தடையற்ற சந்தை என்று பொருளியல் நூல்கள் எதை வருணிக்கின்றனவோ, அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஆனால் அதே கரையில் வேறொன்றும் நடக்கிறது. படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி ஒருவர் ஒதுங்கி நிற்பார். அவர் குரல் எழுப்ப வேண்டிய தேவையே இல்லை. அவரிடம் கடன்பட்டவனின் மீன் அவருக்குத்தான். விலையும் அவர் வைத்ததுதான். ஏலத்தின் ஆரவாரம் நடந்துகொண்டே இருக்க, ஏலத்திற்கு முன்பே ஒரு முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

நம் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு இந்தக் கரைதான் நினைவுக்கு வருகிறது. ஆட்சியாளர்க்கு நெருக்கமானவர்களே செல்வராகும் நிலையைச் 'சலுகை முதலாளித்துவம்' என்கிறோம். இதைக் குறித்து இருசாரார் இருவேறு தீர்ப்புகளை வழங்குகின்றனர். ஒரு சாரார், "இது உண்மையான முதலாளித்துவமே அன்று, சந்தையை முழுமையாகத் திறந்துவிடுங்கள், சலுகை தானே மறையும்" என்பர். மற்றொரு சாரார், "எல்லாவற்றையும் அரசே ஏற்கட்டும், தீர்ந்தது" என்பர். இரண்டும் பாதி உண்மைகள் என்பது நம் கருத்து. அவ்வாறு நாம் சொல்வதற்கு வெளிநாட்டுச் சான்றுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் காலடியில் உள்ள செங்கற்பட்டு மண்ணே சாட்சி.

1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக வழங்கினார். வணிகம் செய்ய வந்த நிறுவனம், படையுதவிக்குக் கைம்மாறாக நிலவரி பெறும் உரிமையைப் பெற்றது. பின்னர் அதே சீமையை நவாபே குத்தகைக்கு எடுத்து 1780 வரை நடத்திவந்தார். இதற்கிடையே கும்பினியின் ஊழியர்கள் நவாபுக்குத் தம் சொந்தப் பெயரில் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தனர். கடனுக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது மாவட்டங்களின் வரி வருவாய். உழவன் விதைக்கும் முன்பே அவன் நெல் யாருக்கு என்று சென்னைக் கோட்டையில் முடிவாகிவிடும். கரையில் ஒதுங்கி நிற்கும் முன்பணக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். உருவம் பெரிதாயிற்றே தவிர, தொழில் ஒன்றுதான்.

1776ஆம் ஆண்டு இரண்டு செய்திகளுக்காக நினைக்கத் தக்கது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' இலண்டனில் வெளிவந்தது. சந்தைச் சுதந்திரத்தின் வேதநூல் என்று இன்று போற்றப்படும் அந்நூலே, கிழக்கிந்தியக் கும்பினியின் தனியுரிமையைக் கடுமையாகச் சாடியது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சென்னையில் ஆளுநர் பிகட் பிரபு தம் சொந்த ஆலோசனைக் குழுவினராலேயே சிறைப்படுத்தப்பட்டார். நவாபின் பிடியிலிருந்த தஞ்சையை அதன் மன்னரிடம் அவர் மீட்டுக் கொடுத்தது, தஞ்சை வருவாயின்மீது உரிமை கொண்டாடிய பால் பென்ஃபீல்டு போன்ற கடன்காரர்களுக்கு இடையூறாயிற்று. மறு ஆண்டு பிகட் காவலிலேயே இறந்தார். பென்ஃபீல்டோ 1780இல் இங்கிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினரானார்!

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். விசாரணையின்றி இக்கடன்களை அடைக்க அமைச்சரவை உத்தரவிட்டது ஏன் என்பதே அவர் எழுப்பிய வினா. கடன்காரர்களின் தேர்தல் உதவிக்கு ஈடாகத்தான் என்று அவர் குற்றஞ்சாட்டினார். அந்த உரையில் நம் மாவட்டத்தார் மறக்கலாகாத ஒரு செய்தி உண்டு. ஜாகீரின் நிலப்படத்தை வைத்துக்கொண்டு அதிலுள்ள ஏரிகளை அவர் எண்ணிப் பார்த்தார். 1,100க்கு மேல் இருந்தன. மன்னர்களும் மக்களும் வருங்காலத்தை எண்ணி வெட்டிய ஏரிகள் அவை. கடன்காரர்களின் கணக்கில் அவற்றின் கரையைப் பழுதுபார்க்கும் செலவுக்கு இடமில்லை. பின்னர் 1805இல் அமைந்த ஆணையம் நவாபின்மீதான கடன் கோரிக்கைகளை ஆராய்ந்தபோது, அவற்றின் மிகப் பெரும்பகுதி செல்லாதவை என்று தள்ளப்பட்டது. உழவன் கொடுத்த வரி மட்டும் திரும்பி வரவில்லை.

ஆகவே, சந்தை முதலில் தூய்மையாக இருந்தது, அரசியல் பிறகு வந்து அதைக் கெடுத்தது என்பது வரலாறு அன்று. கும்பினி நம் கரையில் இறங்கிய நாளிலேயே சந்தையும் சலுகையும் ஒரே படகில்தான் வந்தன.

விடுதலைக்குப் பின் நிலை என்ன? 1951ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டம், ஆலை தொடங்கவும் விரிவுபடுத்தவும் உரிமம் வேண்டும் என்றது. ஏழை நாட்டின் சிறு மூலதனம் வீணாகக் கூடாது என்ற நோக்கம் நல்லதே. ஆயினும் உரிமம் கொடுக்கும் கை வலுவானதும், அக்கையைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களும் வலுவானார்கள். இராஜாஜி இதற்கு 'லைசென்ஸ் பர்மிட் கோட்டா ராஜ்' என்று பெயர் சூட்டி, 1959இல் சுதந்திராக் கட்சியைக் கண்டார். நோயை அவர் சரியாகவே கண்டறிந்தார் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 1991க்குப் பின் உரிமங்கள் பெரும்பாலும் போயின, சலுகை போயிற்றா? அது உரிமத்தை விட்டு, நிலத்திலும் அலைக்கற்றையிலும் நிலக்கரியிலும் குடியேறியது. 2008இல் 'முதலில் வந்தவர்க்கு முதலில்' என்று வழங்கப்பட்ட 122 அலைக்கற்றை உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் இரத்து செய்தது. குற்ற வழக்கில் அனைவரும் 2017இல் விடுவிக்கப்பட்டனர் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆனால் வழங்கிய முறை தவறு என்ற தீர்ப்பு நிலைத்தது. 2014இல் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளும் அவ்வாறே இரத்தாயின.

இப்போது மீண்டும் நம் கடற்கரைக்கு வருவோம். 1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. ஊர்ப்புறக் கடற்கரையில் உச்ச அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது என்பது அதன் முக்கிய விதி. அடுத்த ஆண்டுகளில் விடுதி, சுற்றுலாத் தொழிலினர் முறையிட்டனர், குழு அமைந்தது, 1994 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின் சாரம் என்ன? மத்திய அரசு விரும்பினால், விரும்பிய இடத்தில், இந்த 200 மீட்டர் தடையைத் தளர்த்தலாம். எந்த அளவுகோலின்படி என்பது சொல்லப்படவில்லை. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வரையறையற்ற இவ்வதிகாரம் செல்லாது என்று அதை நீக்கியது.

நம் வாதத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. சலுகை முதலாளித்துவம் பிறப்பது விதியினால் அன்று, விதியின்மையாலும் அன்று. 'விதி உண்டு, ஆனால் உனக்காகத் தளர்த்துவேன்' என்று சொல்லக்கூடிய ஒரு கையினால்தான் அது பிறக்கிறது. அந்தக் கை காரணம் காட்டக் கடமைப்படாதபோது, தளர்த்தும் அதிகாரமே விற்பனைப் பொருளாகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமா? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் குப்பங்களை அழித்தது. 2005 மார்ச்சில் வந்த மாநில அரசாணை, 200 மீட்டருக்குள் வாழும் மீனவர் உள்ளே தள்ளிக் குடியேறினால் புது வீடு தரும். பழைய இடத்தில் இருக்க விரும்பினால் தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி இல்லை என்றது. படகும் வலையும் கண்ணில் படும் தூரத்தில் இருந்தாக வேண்டிய தொழிலாளிக்கு 200 மீட்டர் ஒரு சுவர். 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கையோ, மக்கள் நெருக்கமுள்ள ஊர்ப்புறங்களில் அதே தடையை 50 மீட்டராகச் சுருக்கியது. கடல் அரிப்புப் பெருகிவரும் காலத்தில் எல்லை கடலை நோக்கி நகர்ந்தது! நிலத்தை வாங்கும் வலிமை யாருக்கு உண்டோ, அந்தச் சுதந்திரம் அவருக்கே பயன்படும் என்பதை விளக்க வேண்டுமா?

தளர்த்தும் கையை நாடுவோர் அக்கைக்கு என்ன தருகின்றனர் என்பதை நாடு 2024இல்தான் ஓரளவு அறிந்தது. 2017இல் நிறுவனங்களின் நன்கொடைக்கு இருந்த 7.5 விழுக்காட்டு இலாப வரம்பு நீக்கப்பட்டது. தேர்தல் பத்திரங்கள் வந்தன. கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியக் கூடாது என்பதே அதன் அமைப்பு. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாததாக்கியது. வெளிவந்த பட்டியலில் முதலிடம் பெற்றது, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய ஒரு லாட்டரி நிறுவனம். பத்திரத் தொகையில் ஏறத்தாழப் பாதி மத்தியில் ஆளும் கட்சிக்குச் சென்றது. 2003 முதல் லாட்டரியே தடைசெய்யப்பட்டிருக்கும் நம் மாநிலத்தை ஆண்ட தி.மு.க., அதே லாட்டரி நிறுவனத்திடம் 509 கோடி பெற்றதாகத் தானே கணக்குக் காட்டியது. மத்தியில் ஒரு நிறம், மாநிலத்தில் மற்றொரு நிறம். உண்டியல் மட்டும் ஒன்றே.

"அப்படியானால் தொழிற்சாலைகளே வேண்டாமா?" என்று நம்மைக் கேட்பர். வேண்டும். மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 1999 முதல் கார் உற்பத்தி செய்ததால் எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. அதற்கு அரசு வழங்கிய வரிச்சலுகைகள் இரகசிய நண்பர்க்கு அளித்தவை அல்ல. ஆனாலும் ஒரு பாடம் உண்டு. உள்ளே வரும்போது அரசின் துணை கேட்கப்பட்டது. 2022இல் நட்டக் கணக்கைக் காட்டி உற்பத்தியை நிறுத்தியபோது பேசியது சந்தையின் மொழி. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. இலாபத்திற்கு அரசின் நிழல், நட்டத்திற்குத் தொழிலாளியின் தலை என்பது எந்தச் சந்தையின் நீதி?

1991இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தம் 'சென்டெசிமுஸ் ஆனுஸ்' மடலில், முதலாளித்துவம் ஏற்கத் தக்கதா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தரவில்லை. உறுதியான சட்ட வரம்புக்குள் நின்று மனிதருக்குப் பணிசெய்யும் பொருளாதாரச் சுதந்திரம் ஒன்று. அவ்வரம்பு இல்லாதது மற்றொன்று என்று பிரித்தார். அப்பிரிப்பு நமக்கு ஏற்புடையதே. ஆனால் அவ்வரம்பை வரைவது யார், அழிப்பது யார் என்பதை ஒவ்வோர் ஊரும் தன் அனுபவத்தில் கேட்டாக வேண்டும்.

கேட்கும்போது நம்மையும் கேட்டுக்கொள்வோம். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டுமா? ஒரு சிபாரிசுக் கடிதம். வேலை வேண்டுமா? தெரிந்தவர் ஒருவர். மனைப்பிரிவில் பழைய வாய்க்கால் ஒன்று மறைந்திருப்பதை அறிந்தும், விலை மலிவு என்று வாங்கியவர்கள் நம்மிடையே இல்லையா? 'எல்லார்க்கும் விதி, எனக்கு மட்டும் விலக்கு' என்ற ஆசை செல்வரின் தனிச்சொத்து அன்று. அவர்கள் அதைக் கோடிகளில் செய்கின்றனர்; நாம் காகிதத்தில் செய்கிறோம். நாம் வரிசையைத் தாண்டும் நாள்வரை, தாண்டுவோரைக் கேள்வி கேட்கும் நம் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

எனவே நாம் கோருவது பெரிய புரட்சி அன்று. அரசு எந்த நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தமும், அதில் தரப்படும் நிலமும் வரிச்சலுகையும், அவ்வூர்க் கிராம சபையில் தமிழில் வாசிக்கப்படட்டும். பொதுச்சொத்து எதுவாயினும் பகிரங்க ஏலத்தில் போகட்டும். விதி தளர்த்தப்படும் ஒவ்வொரு முறையும் யாருக்கு, ஏன் என்ற காரணம் எழுத்தில் வெளிவரட்டும். கட்சிக்குக் கொடுத்தவர் பெயர் தேர்தலுக்கு முன்பே வாக்காளர் கையில் இருக்கட்டும்.

கரையில் ஏலம் கேட்பவர் குரல் எல்லார் காதிலும் விழுகிறது. சந்தையில் சுதந்திரம் என்று ஒன்று இருக்குமாயின், அது அந்தக் குரலில்தான் இருக்கிறது. ஒதுங்கி நின்று வாய் திறவாதவர்தான் நாளைய விலையை எழுதுகிறார். அவரையும் ஏலத்தின் வட்டத்திற்குள் வந்து உரக்கக் கேட்கச் செய்வோம்.