மூன்று வாட்டுக்கு ஒரு பேட்டரி

வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து மீன்தொட்டிக்கு ஒரு பிளக் பாயின்ட் இழுத்துவிட்டால் பேக்கப் வேலை முடிந்தது என்ற எண்ணம் வண்ணமீன் தொழிலில் இன்னும் அசையாமல் இருக்கிறது. தொட்டி அமைத்துக் கொடுப்பவர் அதைத்தான் பரிந்துரைக்கிறார். வாடிக்கையாளரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். கேளம்பாக்கம், படூர், தையூர் பக்கம் ஆண்டின் பத்து மாதங்களுக்கு இது சரியாகவே வேலை செய்யும். அரை மணி நேர ஃபீடர் கோளாறு, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திப் பிற்பகலில் தரும் மின்சாரம், இவற்றையெல்லாம் 150 ஏஹெச் பேட்டரி ஒன்று தாங்கிவிடும். சிக்கல் மீதி இரண்டு மாதங்களில்தான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையையொட்டிக் கரை கடந்தபோது புறநகரின் பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆயிற்று. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையேறியது. வேகத்தில் வர்தாவுக்கு ஈடில்லை என்றாலும் மரங்களையும் கம்பிகளையும் சாய்க்க அது போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு மிக்ஜாம் வந்தபோது காற்றைவிட வெள்ளம்தான் பெரிய சேதம் செய்தது. தண்ணீர் தேங்கிய தெருக்களில் ஷாக் அடிக்கும் ஆபத்தைத் தவிர்க்க மின்வாரியமே இணைப்பை நிறுத்தி வைத்தது. இப்படி நிறுத்தினால் தண்ணீர் வடியும் வரை திரும்பத் தரமாட்டார்கள். தரவும் கூடாது.

அந்த இரவுகளில் வீட்டு இன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியில் ஏட்டளவில் 1800 வாட்-மணி இருக்கிறது. பேட்டரியின் ஆயுளைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது அதில் பாதியை ஒட்டியது. இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தால் கைக்கு வருவது 750 வாட்-மணி. இரண்டு மின்விசிறி, மூன்று விளக்கு, வைஃபை, செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து 200 வாட் இழுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் கதை முடிந்தது. இன்னும் ஒட்ட உறிஞ்சினாலும் கூடுதலாக இரண்டு மணி நேரம் கிடைக்கும். விசிறி நின்றதும் வீட்டார் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். தொட்டிக்குத் திறக்க ஜன்னல் கிடையாது. வீட்டு இன்வெர்ட்டரில் மீன் எப்போதும் கடைசிப் பயனாளிதான்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2008-இல் தொடங்கி 2012-இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டுக் காலத்தில்தான் தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் வீட்டுப் பொருளாக மாறியது. சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால் நகர எல்லைக்கு வெளியே அதைப்போலப் பல மடங்கு. ஆனால் அந்த வெட்டுக்கு ஒரு முறை இருந்தது: இரண்டு மணி நேரம் போகும், வரும், மறுபடி போகும். இடையில் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொள்ளும். தொட்டிக்காரர்கள் கற்றுக்கொண்ட பேக்கப் கணக்கு முழுவதும் அந்தக் காலத்துக் கணக்கு. புயலுக்குப் பிறகு வரும் மின்சாரமோ ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போய்விடும். 150 ஏஹெச் பேட்டரி நிரம்பப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மீனின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். கடல்நீரில் 6-ஐத் தாண்டினாலே பெரிது. 200 லிட்டர் தொட்டியில் மொத்தம் ஒரு கிலோ எடைக்குத் தங்கமீன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த வெப்பத்தில் அவை மணிக்கு 300 மில்லிகிராமாவது இழுக்கும். 7.5-இலிருந்து அபாயக் கோடான 3-க்கு இறங்க நடுவில் இருப்பது 900 மில்லிகிராம்தான், ஆக மூன்று மணி நேரம். நீர்ப்பரப்பு வழியாகக் கொஞ்சம் உள்ளே வரும். ஆனால் சரளைக்கல்லில் இருக்கும் பாக்டீரியாவும், இருட்டில் செடிகளும் அதைத் தின்றுவிடும். மாலையில் வயிறு நிறைய இரை போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். ஃபைட்டர், கௌராமி வளர்ப்பவர்கள் மட்டும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அவற்றுக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரியும்.

ஆகவே கேள்வி, தொட்டியின் எல்லாக் கருவிகளையும் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதாக இருக்கக் கூடாது. எந்த ஒரு கருவியை மூன்று நாள் ஓட்டலாம் என்பதே கேட்க வேண்டியது. இவ்விதழின் கருத்தில் அந்தக் கருவி ஒரு சிறிய டிசி ஏர் பம்ப், அதன் குழாயின் முனையில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஏர் ஸ்டோன் காற்றை மட்டும் தரும். ஸ்பாஞ்ச் அதே காற்றில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவையும் உயிரோடு வைத்திருக்கும். பெரிய கேனிஸ்டரும் சம்ப்பும் வைத்த தொட்டிகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் அழகைக் கெடுக்கிறது என்று சொல்லிக் கழற்றிவிடுகிறார்கள். மூலையில், மரக்கட்டைக்குப் பின்னால் ஒன்று ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கட்டும். புயலன்று புதிதாக வாங்கிப் போட்டால் அது வெறும் பஞ்சுதான்.

மூன்று வாட் பம்பை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவது வீண். சுமை ஏதும் இல்லாமலே வீட்டு இன்வெர்ட்டர் தன் சொந்தச் செலவுக்குப் பத்து, இருபது வாட் எடுத்துக்கொள்ளும். பம்ப் குடிப்பதைவிட அதைச் சுமக்கும் பெட்டி அதிகம் குடிக்கிறது. நேரடியாக 12 வோல்ட் டிசியில் இணைத்தால் கணக்கு மாறிவிடும். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஏஹெச் பேட்டரியில் 84 வாட்-மணி. பாதியை எடுத்தால் மூன்று வாட் பம்ப் 14 மணி நேரம் ஓடும். 12 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் எண்பது சதவீதம் வரை இறக்கலாம் என்பதால் அதே பம்புக்கு நாற்பது மணி நேரம் கிடைக்கும். இப்படி இரண்டு இருந்தால் வர்தா அளவு இருட்டையும் பெரும்பாலும் கடந்துவிடலாம். இருபதாயிரம் எம்ஏஹெச் பவர் பேங்கில் ஒன்றரை வாட் யுஎஸ்பி பம்பைப் போட்டாலும் ஒரு பகலும் இரவும் தாராளமாகத் தாங்கும். ஒரே எச்சரிக்கை: சில பவர் பேங்குகள் இழுப்பு மிகக் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். உள்ளேயே பேட்டரி வைத்து வரும் சார்ஜபிள் ஏர் பம்புகளிலும் பெட்டியில் அச்சிட்ட மணி நேரத்தை நம்பாமல், தொட்டியின் ஆழத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு விற்பது நல்லது.

இணைப்பில் ஒரு நுணுக்கம். மின்சாரம் போனதும் பேட்டரிக்கு மாறும் ரிலே வைப்பதைவிட, பம்ப் எப்போதும் பேட்டரியிலிருந்தே ஓடும்படி வைத்து, சார்ஜர் பேட்டரியை 13.6 முதல் 13.8 வோல்ட்டில் நிரப்பிக்கொண்டே இருக்கும்படி செய்வது பாதுகாப்பு. மாறும் கணம் என்று ஒன்று இல்லாததால் அந்தக் கணத்தில் கெட்டுப்போக எதுவுமில்லை. இது லெட் ஆசிட் பேட்டரிக்கான அளவு. லித்தியத்துக்கு அதற்கென்று வரும் சார்ஜர்தான் வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ், காற்றுக் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து நின்றுபோனால் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து பம்பையும் பேட்டரியையும் நனைக்கும். சில ரூபாய் வால்வை மறந்ததற்கு ஹால் முழுக்கத் தண்ணீர் துடைத்தவர்கள் நம் தொழிலில் குறைவில்லை.

ஏசி கருவிகளை இன்வெர்ட்டரில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் ப்யூர் சைன் வேவ் வகையே வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பவர்ஹெட்டும் டயஃப்ரம் பம்பும் உறுமல் சத்தம் போட்டுச் சூடாகும். சில நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும், சுழலாது. வீட்டார் சத்தத்தைக் கேட்டு ஓடுகிறது என்று நினைப்பார்கள்.

ஓஎம்ஆர் அடுக்குமாடிகளுக்கு வேறு ஒரு பொறி உண்டு. ஜெனரேட்டர் பேக்கப் உண்டு என்று விளம்பரத்தில் இருக்கும். அது பெரும்பாலும் ஒவ்வொரு அறையிலும் ஒரு விளக்கு, ஒரு விசிறிக்கான சர்க்யூட்டுக்கு மட்டும் வரும். தொட்டி செருகியிருக்கும் 15 ஆம்ப் பிளக் அந்தச் சர்க்யூட்டில் இருக்காது. தொட்டியின் ஸ்டாண்டுக்குள் தலையைவிட்டுப் பார்த்தால் இது புரியும்: ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் சம்ப் மோட்டார், யுவி, விளக்கு டைமர், ஏர் பம்ப் நான்கும் ஒரே வரிசையில். எது உயிர்காப்பு, எது அலங்காரம் என்ற பிரிவே இல்லை. முதல் வேலையாக ஏர் பம்பை அந்தப் பெட்டியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். தொட்டி அமைக்கும் நாளிலேயே மெயின் பிரேக்கரை இறக்கி, ஜெனரேட்டர் வந்த பிறகு எந்த பிளக்கில் உயிர் இருக்கிறது என்று டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு வரும் வாக்குவாதம் மிச்சம்.

கடலோரத்தின் தனித் தொல்லை உப்பு. கேளம்பாக்கம்–கோவளம் சாலையின் உப்பளங்களைக் கடந்து வரும் காற்று கம்பங்களின் இன்சுலேட்டரில் படிகிறது. பனியோ முதல் தூறலோ அதை நனைத்ததும் பொறி பறந்து ஃபீடர் டிரிப் ஆகும். அதே காற்று பேட்டரி முனைகளிலும் வேலை செய்கிறது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த டெர்மினல் மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் சரிந்துவிடும். சுத்தம் செய்து பெட்ரோலியம் ஜெல்லி தடவுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிட வேலை. ஸ்டாண்டுக்குள் சம்ப்புக்குப் பக்கத்தில் பேட்டரியை வைப்பது அந்தப் பத்து நிமிடத்தையும் வீணாக்கும். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி ஹைட்ரஜன் விடும் என்பதால் மூடிய ஸ்டாண்ட் அதற்கு இடமே இல்லை. வெப்பமும் எதிரி: 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறைகிறது. தரைத்தளத்தில் டிராலியில் வைத்த இன்வெர்ட்டருக்கு மிக்ஜாம் போன்ற வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இடுப்பு உயரத்தில் ஒரு ஷெல்ஃப் போதும்.

இந்தக் கரையில் மின்தடையை உண்மையில் மதிப்பவர்கள் பொரிப்பகக்காரர்கள். கோவளத்தில் ஈசிஆரைப் பிடித்து வடக்கே திரும்பினால் முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம். இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாய் மீனை 1997-இல் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தது அந்த நிறுவனம்தான். தெற்கே மரக்காணம் பக்கம் வரை இறால் பொரிப்பகங்கள். லிட்டருக்கு நூறு இறால் லார்வாவுக்கு மேல் அடர்ந்திருக்கும் தொட்டியில் காற்று நின்றால் யோசிக்க நேரமில்லை. அதனால் அங்கே ப்ளோயர் இரண்டு, ஜெனரேட்டர் இரண்டு என்பது சட்டம்போல. ஒன்று ஓடும், மற்றது தயாராக நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றி ஓட்டிப் பார்க்கிறவர்கள் மட்டுமே அந்த இரண்டாவதை நம்ப முடியும். வண்ணமீன் கடைகள் கடன் வாங்க வேண்டியது அவர்களின் இந்த ஒத்திகையை. ஜெனரேட்டரின் அளவை அல்ல.

கடைகளிடம் ஏற்கெனவே இருக்கும், ஆனால் பேக்கப் என்று யாரும் எண்ணாத பொருள் ஒன்று இருக்கிறது: மீன் பேக் செய்யும் ஆக்சிஜன் சிலிண்டர். கொளத்தூரிலிருந்து சரக்கு வாங்கி வரும் எந்தக் கடையிலும் மூலையில் ஒன்று சங்கிலி போட்டு நிற்கும். 7 கன மீட்டர் சிலிண்டர் என்றால் 7000 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் விட்டால் 116 மணி நேரம், ஏறத்தாழ ஐந்து நாள். ஃப்ளோ மீட்டர், குழாய்க் கிளைகள், நுண்ணிய ஏர் ஸ்டோன் இவை இருந்தால் பேட்டரி தீர்ந்த பிறகும் கடையின் முக்கியத் தொட்டிகளைக் காப்பாற்றலாம். ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, பக்கத்தில் மெழுகுவத்தி கூடாது. இன்னொன்று: மெல்லிய ஆக்சிஜன் ஓட்டம் மீனுக்கு மூச்சைத் தரும், தண்ணீரில் சேரும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றாது. அதற்குக் குமிழிகள் வேண்டும். அதனால் பேட்டரி பம்பின் இடத்தை சிலிண்டர் முழுதாக எடுத்துக்கொள்ளாது. முற்றிலும் கைவிட்ட நிலையில், இரை போடாமல் வைத்த மீனை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் என்று பையில் அடைத்துத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துவிடலாம். அதே வேலையைத்தானே கடைகள் ஒவ்வொரு பார்சலுக்கும் செய்கின்றன.

பவளத் தொட்டி வைத்திருப்பவர்களின் கணக்கு கடினமானது. சில்லர் நூற்றுக்கணக்கான வாட் கேட்கும், அதை பேட்டரியில் ஓட்டக் கனவு காண வேண்டாம். நல்லவேளையாக புயல் மாதங்களில் வெப்பம் பெரிய பிரச்சினை இல்லை. டிசி வேவ் மேக்கர் ஒன்றைக் குறைந்த வேகத்தில், நீர்ப்பரப்பு அசையும்படி திருப்பி வைத்து ஓட்டினால் போதும். மே மாதத்து நீண்ட தடைக்கு ஃப்ரீசரில் எப்போதும் நான்கு பாட்டில் உறைந்த தண்ணீர் இருப்பது சில்லருக்குக் கொடுக்கும் பேக்கப்பைவிட மலிவு.

பல மரணங்கள் மின்சாரம் திரும்பிய பிறகு நேர்கின்றன என்பதைத் தொழில்காரர்கள் வாடிக்கையாளரிடம் போதுமான அளவு சொல்வதில்லை. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்ற கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகத் தொடங்கியிருக்கும். மின்சாரம் வந்ததும் அது அந்தக் கழிவை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். நீண்ட தடையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அந்நிலையில் அம்மோனியாவின் நச்சு அடங்கி இருக்கும். திடீரென்று எல்லாப் பம்பும் முழு வேகத்தில் ஓடினால் பிஹெச் ஏறும், அதே அம்மோனியா கொல்லத் தொடங்கும். எனவே தடை ஒரு மணி நேரத்தைத் தாண்டியதுமே கேனிஸ்டர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்சாரம் வந்த பிறகு அதன் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மாற்றிவிட்டுப் பிறகுதான் ஓட்ட வேண்டும். ஒரு நாள் இரை வேண்டாம்.

பராமரிப்பு ஒப்பந்தம் எழுதும்போது கண்ணாடி துடைப்பது, தண்ணீர் மாற்றுவது, விளக்கு பார்ப்பது எல்லாம் ஏஎம்சி தாளில் இருக்கிறது. பேட்டரியைச் சுமையில் வைத்துப் பார்ப்பதற்கு வரியே இல்லை. மின்வாரியம் அறிவிக்கும் பராமரிப்புத் தடை நாள்தான் அதற்கு ஏற்ற நாள். செலவில்லாத ஒத்திகை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் கடைசிக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளர் தொட்டியிலும் டிசி பம்பைப் பேட்டரியில் முழுதாக ஓடவிட்டு, எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதி ஸ்டாண்டின் உள்பக்கக் கதவில் ஒட்டிவிடலாம். பேட்டரியின் வயதையும், கேனிஸ்டர் பிளக் எது என்பதையும் அதே சீட்டில் எழுதலாம். நடு இரவில் டார்ச் வெளிச்சத்தில் அதைப் படிக்கப்போவது தொட்டியை அமைத்தவர் அல்ல, வீட்டில் இருக்கும் பாட்டியாகக்கூட இருக்கலாம். எனவே எழுத்து பெரிதாக, தமிழில் இருக்கட்டும்.