பத்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்பவர்கள்

"பிச்சை போடுவதால்தான் பிச்சைக்காரர்கள் பெருகுகிறார்கள்" என்கிறார் ஒரு கட்டுரையாளர். குடை விற்பதால்தான் மழை வருகிறது என்பதுபோல.

அவருக்கு முன்மாதிரி இந்தூர். 2025 ஜனவரி 1 முதல் பிச்சை போடுகிறவர்மீதே வழக்கு என்று அறிவித்த ஊர் அது. டெல்லியில் பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகளை 2018இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். பிச்சையெடுப்பவர்களைத் தெருவிலிருந்து அகற்றக் கோரிய மனுவில், மேட்டுக்குடிப் பார்வையை எடுக்க மாட்டோம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

"உழைக்கலாமே?" கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு யார் வேலை தருகிறார்கள், ஐயா? முதியோர் ஓய்வூதியத்தில் அந்த வயதுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். தமிழ்நாடு தன் பணத்தையும் போட்டு 1,200 தருகிறது. அதை வாங்க ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். நடைபாதைக்கு ஏது கதவு எண்?

"வாங்கிக் குடித்துவிடுவார்கள்." சிலர் குடிப்பார்கள்தான். சரக்கை விற்பது அரசின் டாஸ்மாக். மாதச் சம்பளத்தில் குடிப்பவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பத்து ரூபாய்க்குத்தான் இத்தனை தணிக்கை! கொடுக்க மனமில்லையா, பேசாமல் நடந்துவிடலாம். அதற்குத் தேசநலன் என்று பெயர் வைப்பானேன்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிக்னலில் கையேந்தும் குழந்தைக்குக் காசு கொடுப்பதைவிடக் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது மேல். அவர் கட்டுரை முழுக்க அந்த எண்ணைத் தேடினேன். இல்லை.