சோழர் அரண்மனையில் நம் ஊர்ப் பெண்!

"பொன்னியின் செல்வன்" கதையை அறியாத தமிழர் குறைவு. கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரம்தோறும் எழுதினார். அவர் பிறந்தது மாயவரம் அருகே புத்தமங்கலத்தில். கதையில் பெரும்பகுதி நடப்பதும் காவிரி நாட்டில்தான்.

2022, 2023 ஆண்டுகளில் அது சினிமாவாக வந்தது. அந்தக் கதையைத் தொடர்ந்து எழுதிப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. இப்போது செல்போனிலேயே எழுதிவிடலாம்.

புதிதாக எழுதுகிறவர்களின் கதையில் ஒரு புதுப்பெண் வருவாள். பேரழகி. வாள் வீசுவாள். வைத்தியமும் தெரியும். குந்தவைக்கே யோசனை சொல்லுவாள். வந்தியத்தேவன் அவளைக் கண்டு மயங்குவான்.

யார் அந்தப் பெண்? எழுதியவளேதான்!

அமெரிக்காவின் மேரி சூ

இது நம் ஊரில் மட்டும் நடப்பது அல்ல. "ஸ்டார் டிரெக்" என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களும் இப்படி எழுதினார்கள். அதைக் கேலி செய்து, 1973-ல் பாலா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண் ஒரு குட்டிக்கதை எழுதினார். அதன் நாயகி மேரி சூ. வயது பதினைந்தரை. விண்கப்பலில் அவளை மிஞ்ச ஆள் இல்லை! அப்போது முதல் இத்தகைய பாத்திரங்களுக்கு அதுவே பெயர் ஆகிவிட்டது.

சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் விளைவு? கேலிக்குப் பயந்து, பெண் பாத்திரம் படைக்கவே தயங்கியவர்களும் உண்டு.

வந்தியத்தேவன் யார்?

குந்தவையின் கணவர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு கூறுகிறது. அவரைப் பற்றி வரலாறு சொல்லுவது கொஞ்சமே. மீதியைக் கல்கி கற்பனையால் நிரப்பினார். கையில் காசு இல்லாத வாலிபன், இளவரசியின் மனதைக் கவருகிறான். இதுவும் ஆசைக் கனவுதானே!

ஆனாலும் வாசகர்கள் அவனை நம்புகிறார்கள். ஏன்? அவன் அவசரக்காரன். பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறான். கடலில் தத்தளிக்கிறான், ஓடக்காரப் பெண் பூங்குழலி காப்பாற்றுகிறாள். அவனுடைய குறைதான் அவனுக்கு உயிர் கொடுக்கிறது.

என்ன செய்யலாம்?

கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. தொடர்ந்து எழுதுவது குற்றம் அல்ல. எழுத்தாளர் விக்கிரமனே "நந்திபுரத்து நாயகி" என்று தொடர்ச்சி எழுதினார்.

ஆகவே, வீட்டில் மகளோ மகனோ எழுதினால் சிரிக்காதீர்கள். முழுதும் படியுங்கள். நன்றாக இருக்கும் இடத்தை முதலில் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் நாயகிக்கு எது வராது? அவள் எதில் தோற்பாள்?"

அடுத்த கதை அந்தக் கேள்வியில் இருந்து பிறக்கும்.

நாற்றங்காலைப் பார்த்து, "கதிர் எங்கே?" என்று எந்த விவசாயியும் கேட்பது இல்லை. தண்ணீர்தான் பாய்ச்சுவார்.