ரெண்டு பேருக்கு எதுக்குச் சமைக்கணும்?

என் மனைவி நர்ஸ். வாரத்தில் 3 நாள் இரவு டியூட்டி. மாலை 7 மணிக்கு உள்ளே போனால் மறுநாள் காலை 7 மணிக்குத்தான் வெளியே வருவாள். மத்தியானம் சமைத்ததில் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு 6 மணிக்குக் கிளம்பிவிடுவாள். அதற்கப்புறம் வீட்டில் நானும் 8 வயது மகளும் மட்டும்தான். சிகாகோ பக்கம் டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே பனி, உள்ளே ரெண்டு பேர், நடுவில் "டின்னருக்கு என்ன?" என்கிற கேள்வி.

ரொம்ப நாளாக நான் வைத்திருந்த பதில் இதுதான்: அவளுக்குப் பாலில் சீரியல், எனக்கு லேப்டாப் முன்னால் ரெண்டு பிரெட். அவள் கையில் டேப்லெட், என் கண்முன்னால் ஆபீஸ் வேலை. 10 நிமிஷத்தில் சாப்பாடு முடிந்துவிடும். கழுவ ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன்.

அக்டோபரில் ஒரு நாள் மனசு கேட்காமல், "இன்னிக்கு அப்பா சமைக்கட்டுமா?" என்று கேட்டேன். டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ரெண்டு பேர்தானே இருக்கோம், எதுக்குப்பா சமைக்கணும்?"

எனக்கு இது புதுசு இல்லை. அப்பா தவறின பிறகு மதுரையில் தனியாக இருக்கும் என் அம்மாவிடம், "என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்கும்போதெல்லாம் இதே பதில்தான் வரும். "ஒருத்திக்கு என்னத்தடா அடுப்பைப் பத்த வைக்க? காலையில வாங்குன இட்லி ரெண்டு இருந்துச்சு, அதைத் தின்னுட்டு மோரைக் குடிச்சேன்." உடனே எனக்குக் கோபம் வரும். அரைமணி நேரம் அறிவுரை சொல்வேன். ஆனால் மகள் அதையே சொல்லும்போது யாரைக் கோபித்துக்கொள்வது? அவளுக்கு அதைப் பழக்கினதே நான்தான்.

வீம்புக்கு அன்னிக்கே சமைத்தேன். சாம்பார் சாதம். 4 பேருக்கான அளவை எல்லாம் சரிபாதி ஆக்கி, வீட்டில் இருந்த பெரிய 12 அங்குல பேனில் அரிசி, துவரம்பருப்பு, காய், புளித்தண்ணி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்தேன். தாளிக்கும்போது எண்ணெய் அதிகமாகக் காய்ந்து, கடுகைப் போட்டதும் புகை கிளம்பி, ஸ்மோக் அலாரம் அடித்தது. மகள் சோபா மேல் ஏறி நின்று துண்டை விசிறினாள். 7.40க்கு மூடியைத் திறந்தால் அரிசி அடிப்பிடித்திருந்தது, பருப்பு கல்லு மாதிரி இருந்தது. அன்றும் சீரியல்தான்.

ஆனால் துண்டை விசிறும்போது அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவாவது மறுபடி முயற்சி பண்ணலாம் என்று தோன்றியது. சாஃப்ட்வேர்காரன் புத்தி. எங்கே தப்பு நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் தப்பு, தண்ணீர். அரிசியைப் பாதியாக்கினால் அது உறிஞ்சும் தண்ணீரும் பாதியாகும். ஆனால் ஆவியாகிப் போகும் தண்ணீர் பாதியாகாது. அது பேனின் அகலத்தையும், எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதையும் பொறுத்தது. அகலமான பேனில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் வற்றிவிடும்.

ரெண்டாவது, துவரம்பருப்பு. குக்கர் இல்லாமல் அரைமணி நேரத்தில் அது குழையாது. பாசிப்பருப்பும் மைசூர்ப் பருப்பும் 20 நிமிஷத்தில் வெந்துவிடும்.

மூணாவது, புளி. புளிப்பு சேர்ந்தால் பருப்பும் உருளைக்கிழங்கும் மெதுவாகத்தான் வேகும். அதனால்தான் நம்ம அம்மாக்கள் பருப்பைத் தனியாக வேகவைத்துவிட்டு அப்புறம் புளியில் சேர்க்கிறார்கள். ஒரே பேனில் சமைக்கும்போது புளிப்பு கடைசியில்தான் வரணும்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. சமையல் என்றாலே என் மனசில் வருவது சோறு, குழம்பு, ரசம், ஒரு பொரியல், அப்பளம். உங்களில் பலர் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், அம்மா எல்லா பர்னரையும் எரியவிட்டு இப்படிச் சமைத்ததைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பீங்க. அந்தச் சாப்பாட்டை ரெண்டு பேருக்காக வேலை முடிந்து வந்து சமைக்க முடியாது. முடியாது என்றவுடன் நேராகச் சீரியலுக்கு இறங்கிவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரே பேன், 30 நிமிஷம் என்று ஒரு சாப்பாடு இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் அந்த 3 நாளும் அதுதான்.

பேன் எப்படி இருக்கணும்? ரெண்டு பேருக்கு 10 அங்குல அகலம் போதும். ஓரம் 2 அங்குலத்துக்கு மேல் உயர்ந்து, சரியாகப் பொருந்துகிற மூடி இருக்கணும். எவர்சில்வராக, அடி கனமாக இருந்தால் நல்லது. இரும்பு வாணலியில் தக்காளி, புளியைக் கொதிக்க வைத்தால் இரும்பு வாடை வரும், பழக்கின பதமும் போய்விடும். நான்ஸ்டிக் என்றால் காலிப் பேனைப் பெரிய சூட்டில் காயவிடாதீங்க.

காயில் அடுப்பில் குமிழை அணைத்தாலும் சூடு உடனே இறங்காது. அதனால் தாளிக்கும்போது நடுத்தரச் சூட்டிலேயே வையுங்க. அடுப்பைக் குறைப்பதைவிடப் பேனைத் தூக்கி ஓரமாக வைப்பது வேகமான வழி. கடுகு போட்டதும் மூடிவிட்டால் அலாரத்துக்கும் வேலை இல்லை.

இனி எங்கள் வீட்டு 3 சாப்பாடு. எல்லாம் ரெண்டு பேருக்கான அளவு. கப் என்றால் 240 மில்லி.

செவ்வாய்: பாசிப்பருப்புக் கீரைச் சோறு

அரை கப் சோனா மசூரி அரிசி, கால் கப் பாசிப்பருப்பு. கழுவி 20 நிமிஷம் ஊறப்போடுங்க. மனைவி கிளம்பும்போது ஊறப்போட்டால் சரியாக இருக்கும். பேனில் ஒரு ஸ்பூன் நெய், சீரகம், இடித்த மிளகு, 4 பல் பூண்டு, ஒரு சின்ன வெங்காயம். வதங்கினதும் வடித்த அரிசி, பருப்பு, கால் ஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு, 3 கப் வெந்நீர். கொதி வந்ததும் சூட்டைக் குறைத்து மூடி 20 நிமிஷம். நடுவில் ஒரு தடவை கிளறிவிடுங்க. கடைசி 2 நிமிஷத்தில் ரெண்டு கை நிறையப் பசலைக்கீரை. இறக்கினபிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்க. ஊறுகாய் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

வியாழன்: முட்டைத் தொக்கு, பரோட்டா

ஃப்ரீசரில் இருக்கிற பரோட்டாவை முதலில் அதே பேனில் சுட்டு, ஒரு துணியில் சுற்றி வைத்துவிடுங்க. அப்புறம் பேனில் ஒன்றரை ஸ்பூன் எண்ணெய், சோம்பு, நறுக்கின ஒரு பெரிய வெங்காயம். வெங்காயம் பொன்னிறம் ஆகிறவரை பொறுமை வேணும், 8 நிமிஷமாவது ஆகும். 3 தக்காளி, அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் மல்லித்தூள், உப்பு. எண்ணெய் பிரிந்து வந்ததும் கரண்டியால் 4 குழி பண்ணி, குழிக்கு ஒரு முட்டையாக உடைத்து ஊற்றி, மூடி, சின்னச் சூட்டில் 6 நிமிஷம். முட்டை உடைப்பது என் மகளின் வேலை. ஓடு விழுந்தால் பொறுக்குவது என் வேலை.

சனி: மிளகுக் கோழி, உருளைக்கிழங்கு

எலும்பில்லாத தொடைக்கறி 300 கிராம், ஈரம் துடைத்து உப்பு, மஞ்சள் தடவிக்கொள்ளுங்க. எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, 3 நிமிஷம் தொடாதீங்க. நெருக்கிப் போட்டால் கறி தண்ணி விட்டு வேகுமே தவிர, சிவக்காது. ரெண்டு பக்கமும் சிவந்ததும் ஒரு தட்டில் எடுத்து வையுங்க. அதே பேனில் சோம்பு, இஞ்சி பூண்டு, சின்னதாக நறுக்கின ரெண்டு உருளைக்கிழங்கு, அரை கப் தண்ணீர். அடியில் ஒட்டினதைச் சுரண்டிவிடுங்க, ருசி எல்லாம் அதில்தான் இருக்கு. மூடி 10 நிமிஷம். கிழங்கு வெந்ததும் கறியைத் திரும்பப் போட்டு, தண்ணீர் வற்றுகிறவரை பிரட்டி, ஒரு ஸ்பூன் இடித்த மிளகு, கறிவேப்பிலை. கறியின் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வரணும். 15 டாலருக்குள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் சந்தேகமே இல்லை.

ஒரே பேனில் சமைக்கும்போது அடுப்பை விட்டு ரொம்ப நேரம் நகர முடியாது. அதனால் மகளும் ஒரு முக்காலி போட்டுப் பக்கத்தில் நின்றுகொள்கிறாள். "வதக்கு", "கிளறு", "பிரட்டு" மூணுக்கும் வித்தியாசம் என்ன என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கையால் செய்துதான் காட்டினேன். இப்போது நான் கிளறினால், "அப்பா, பிரட்டணும்னு சொன்னீங்க" என்று திருத்துகிறாள்.

குளிர்காலத்தில் எங்களுக்குச் சாயங்காலம் 6.30 என்றால் மதுரையில் மறுநாள் காலை 6 மணி. அம்மா காபியோடு உட்காரும் நேரம். ஃபோனை மேடை மேல் சாய்த்து வைத்துவிடுவோம். என்ன சமைக்கிறோம் என்று மகள் சொல்லச் சொல்ல, அங்கேயிருந்து மேற்பார்வை நடக்கும். போன வாரம் கீரைச் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள்: "அப்பத்தா, நீ இன்னிக்கு என்ன சமைக்கப் போற?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பார்க்கலாம்டா தங்கம்" என்றாள்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்திருந்தது. அப்பா இருந்தபோது பாயசத்துக்கு நெய்யில் முந்திரி வறுக்கிற அந்தச் சின்ன வாணலி. அதில் ஒரு ஆளுக்கான கீரைச் சோறு. கீழே குரல் பதிவு: "உங்க அப்பன் சொன்ன அளவுல தண்ணி பத்தல. பழைய அரிசின்னா இன்னும் அரைக் கப் சேர்த்து ஊத்தணும். அவன்கிட்ட சொல்லு."

சொல்லிவிட்டாள். நீங்களும் குறித்துக்கொள்ளுங்க. பழைய அரிசி என்றால் மூன்றரை கப்.