கண் சிமிட்டச் சொல்லும் கருவிகள்

வங்கிக் கணக்குத் தொடங்க விரும்புபவர் உயிருள்ள மனிதர்தானா, அல்லது வேறொருவரின் புகைப்படத்தைக் காட்டி யாரேனும் ஏமாற்றுகிறார்களா என்று சரிபார்ப்பதில் தவறேதும் இல்லை. மோசடிகள் மலிந்துவிட்ட காலத்தில் அது தேவையும்கூட. ஆனால், உயிருடன் இருப்பதற்கு அடையாளம் கண் சிமிட்டுவதுதான் என்று முடிவு செய்து செயலியை வடிவமைத்தவர்கள், இமைகளை மூடித் திறக்க இயலாதவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

2023-ஆம் ஆண்டு, அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைக்கப்பட்ட பெண் ஒருவர் கணக்குத் தொடங்க வங்கி ஒன்றை அணுகினார். கேமரா முன் கண் சிமிட்டினால்தான் அடையாளச் சரிபார்ப்பு நிறைவுபெறும் என்று கூறப்பட்டது. விவகாரம் வெளியே வந்து கண்டனம் எழுந்த பிறகு, அவருக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. விதிவிலக்கு என்பது சலுகை. அவர் கேட்டதோ உரிமை. எனவே, உச்ச நீதிமன்றத்தை நாடினார். பார்வையற்ற வழக்குரைஞர் ஒருவரின் மனுவும் அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது.

நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி அளித்த தீர்ப்பு, மின்னணுச் சேவைகளைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று தெளிவுபடுத்தியது. 20 உத்தரவுகளும் பிறப்பிக்கப்பட்டன. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும், கைரேகைப் பதிவை ஏற்க வேண்டும், காகித வழிச் சரிபார்ப்பைக் கைவிடக் கூடாது, கணினி நிராகரித்த விண்ணப்பத்தை மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பவை அவற்றுள் சில. இவற்றில் ஒன்றுகூட அரிய தொழில்நுட்பத்தைக் கோரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் நல்ல வடிவமைப்புக்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிறார். விளக்கு எரிகிறது; ஒலி எழுகிறது; வேலை முடிந்தது. பார்வையற்றோர் தடவி அறியப் பொத்தான்களின் அருகே பிரெயில் எண்களும் உள்ளன. பொதுத்துறை நிறுவனங்கள் தயாரிக்கும் இந்த எளிய கருவிக்கு இருக்கும் கருணை, பல கோடி ரூபாய் செலவில் உருவாகும் செயலிகளுக்கு இல்லாமல் போனது ஏன்?

ஏ.டி.எம். இயந்திரங்களின் கதை இன்னும் விசித்திரமானது. புதிதாக நிறுவும் ஏ.டி.எம்.களில் மூன்றில் ஒரு பங்காவது பேசும் வசதியும் பிரெயில் விசைகளும் கொண்டிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் கூறியது. நாட்டின் முதல் பேசும் ஏ.டி.எம். ஆமதாபாதில் திறக்கப்பட்டது 2012-இல்தான். 2014 ஜூலை முதல் நிறுவப்படும் அனைத்தும் பேசியாக வேண்டும் என்று பின்னர் உத்தரவு வந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற வசதியைக் கடைகளில் உள்ள தொடுதிரை அட்டை இயந்திரங்கள் சத்தமில்லாமல் பறித்துக்கொண்டன. பழைய விசைப்பலகையில் ஐந்தாம் எண் மீது ஒரு சிறு புள்ளி புடைத்திருக்கும். அதைத் தொட்டால் மற்ற எண்கள் எங்கே என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். வழுவழுப்பான கண்ணாடியில் விரல் எதைத் தேடும்? எண்களை ஒலி வழியே உணர்த்தும் ஏற்பாடு இல்லாத இயந்திரத்தில், தமது ரகசிய எண்ணைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்வதைத் தவிர பார்வையற்றவருக்கு வழியில்லை. அந்த எண்ணை எவரிடமும் தெரிவிக்கக் கூடாது என்று ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்புவதும் அதே வங்கிகள்தான்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். கண்ணாடி அணிந்தும் திரையின் சிற்றெழுத்தைப் படிக்க முடியாமல் பேரக்குழந்தைகளின் கையை எதிர்பார்க்கும் முதியோரும், உழைத்து உழைத்துக் கைரேகை தேய்ந்துபோன தொழிலாளர்களும் இக்கணக்கில் வராதவர்கள். சிலருக்காகப் பெரும்பான்மையோரின் வசதியைக் கெடுக்க முடியுமா என்று நிறுவனங்கள் கேட்பதற்குப் பொருளே இல்லை. பெரிய எழுத்தும் தெளிவான ஒலியும் எவருடைய வசதியையும் கெடுத்ததில்லை.

சட்டம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அனைவரும் பயன்படுத்தத்தக்க நுகர்பொருள்களை ஊக்குவிக்க வேண்டும் என்று 43-ஆவது பிரிவில் அரசுக்குக் கடமை விதிக்கிறது. அச்சட்டத்தின் 15-ஆவது விதி வெறும் பரிந்துரையாக நின்றுவிட்டதைச் சுட்டிக்காட்டி, அதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களில் வகுக்குமாறும் பணித்தது. கண் சிமிட்டல் வழக்கின் தீர்ப்புக்குப் பின், உயிருடன் இருப்பதைச் சரிபார்க்கும் முறை சிறப்புத் தேவை உள்ளவர்களை விலக்கிவிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் 2025 ஆகஸ்டில் தனது விதிகளைத் திருத்தியது.

விதி திருத்தப்பட்டால் போதுமா? சட்டத்தை முதல் முறை மீறினால் விதிக்கப்படும் அபராதம் அதிகபட்சம் ரூ. 10 ஆயிரம். ஒரு செயலியின் ஒரு பக்கத்தைத் திருத்தி அமைக்க ஆகும் செலவைவிட இது குறைவாகத்தான் இருக்கும். அபராதத்தை நம்பிப் பயனில்லை. பார்வையற்றோரும் முதியோரும் பயன்படுத்திப் பார்த்துச் சரியென்று சொல்லாத எந்தப் பணப்பரிமாற்றச் செயலிக்கும், எந்த அட்டை இயந்திரத்துக்கும் வெளியிடும் அனுமதியே கிடையாது என்று ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டும்.